பக்ஸ்கின் கல்ச்சுக்குள் இறங்கும் முன்

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா எல்லையில் இருக்கும் பக்ஸ்கின் கல்ச் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு பெரும்பாலும் சமதரைதான், நடக்கச் சிரமமில்லை. ஆளைக் கொல்வது காட்டாற்று வெள்ளம்.

வயர் பாஸ் என்ற கிளைப் பள்ளத்தாக்கு வழியாக 2.7 கி.மீ. போனால் கல்ச் வந்துவிடும். அங்கிருந்து பரியா ஆறு வரை ஏறக்குறைய 19 கி.மீ. குறுகலான இடங்களில் கையை விரித்தால் இரு பக்கச் சுவரும் தட்டும். பல மைல் தள்ளிப் பெய்த மழையைப் பாறைப் பூமி உறிஞ்சாது, அப்படியே இதற்குள் இறக்கிவிடும். அப்போது உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். அண்ணாந்து பார்த்தால் சுவர்களுக்கு இடையே மரக்கட்டைகள் செருகிக் கிடக்கும். பழைய வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. நடுவழியில் மேலேறித் தப்ப மிடில் ரூட் ஒன்றுதான் உண்டு, அதுவும் கைகால் ஊன்றி ஏற வேண்டிய பாறை. ஆகவே ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை போகவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் கிளம்பும் அன்று காலை, நடக்கும் இடத்துக்கு மட்டுமல்லாமல் மேற்புற நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் வானிலை பாருங்கள். சந்தேகமாக இருந்தால் திரும்பிவிடுங்கள்.

வெயில் படாத குட்டைகளில் சேற்றுத் தண்ணீர் இடுப்பளவு நிற்கும். பாலைவனம்தானே என்று மெத்தனமாக இருந்தால் கோடையிலும் உடம்பு விறைத்துப்போகும். பருத்தி உடை வேண்டாம்; மாற்றுத் துணியைத் தண்ணீர் புகாத பையில் கட்டுங்கள். கம்பால் ஆழம் பார்த்த பிறகே காலை வையுங்கள்.

பரியாவைத் தொடுவதற்குச் சுமார் 2 கி.மீ. முன்னால் பெரும்பாறைகள் வழியை அடைத்துக் கிடக்கும். வெள்ளத்துக்கு வெள்ளம் அதன் அமைப்பு மாறும். யாரோ கட்டிவிட்டுப் போன கயிறு வெயிலிலும் மண்ணிலும் இற்றுப்போயிருக்கலாம், அதை நம்பித் தொங்காதீர்கள். மூட்டையை இறக்க 15 மீட்டர் கயிறு சொந்தமாக வேண்டும்.

கல்ச்சுக்குள் நம்பிக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் சுமக்க வேண்டும். பரியா தண்ணீர் வண்டலாக ஓடும், நேராக வடிகட்டினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். நம் வீட்டுப் படிகாரமே போதும்: 4 லிட்டருக்குக் கால் தேக்கரண்டி கலக்கி இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடிகட்டுங்கள்.

இரவு தங்க நாளொன்றுக்கு 20 பேருக்குத்தான் அனுமதி. மலத்தையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். பரியா வழியாக வெளியேறும் ஒயிட் ஹவுஸ் முனையில் முன்கூட்டியே ஒரு வண்டியை நிறுத்திவையுங்கள். வயர் பாஸுக்குப் போகும் மண்சாலை நனைந்தால் களியாகிவிடும், ஜீப்பும் சறுக்கும்.