வால்பாறை எஸ்டேட் ஸ்கூலும் சத்துணவுக்கூடத்து யானையும்

நேத்து ராத்திரிதான் வால்பாறைல இருந்து இறங்கினேன், உடம்பு வலி போகல, ஆனா இதை இப்பவே எழுதியாகணும். நான் சிறார் கதை எழுதுறவ, அப்பப்போ பள்ளிக்கூடங்களுக்குப் போய் பிள்ளைங்களை எழுத வைப்பேன். இந்த தடவை கூப்பிட்டது தேயிலைத் தோட்டத்துக்குள்ள இருக்கிற ஒரு ஸ்கூல்.

பொள்ளாச்சில இருந்து 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. பஸ்ல உக்கார இடமே இல்ல, தோள்ல புத்தகப் பையோட கம்பியைப் பிடிச்சுட்டே நின்னேன், ஒரு ஜன்னல் மூடவே மாட்டேங்குது, சாரல் முழுக்க உள்ள அடிக்குது, பக்கத்துல ஒரு பாட்டி முழு ஈரம். இவ்வளவு பேர் ஏறுற ரூட்ல இப்படி ஒரு பஸ்ஸை விடுறது ரொம்ப தப்பு. 9வது வளைவுகிட்ட ரெண்டு வரையாடு மதில் மேல ஏறி நின்னுச்சு பாருங்க, அந்த நிமிஷம் மட்டும் எல்லாக் கடுப்பும் போச்சு.

பஜார்ல ஒரு சின்ன மெஸ்ல ஆவி பறக்கப் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டேன். அந்தக் குளிர்ல, அந்த மிளகு வாசத்துல, அப்படி ஒரு சாப்பாடு! ரெண்டாவது தடவை கறி கேட்டதுக்கு காசே வாங்கல அந்த அக்கா. அதுக்கு நேர் எதிர் ஜீப்காரர். எஸ்டேட்டுக்கு 700 ரூபாய். "ஸ்கூல் வேலைக்கு வந்திருக்கேண்ணா"ன்னேன், ஒரு ரூபா இறங்கல. திரும்பும்போது அதே தூரத்துக்கு இன்னொருத்தர் 350தான் வாங்கினார். எனக்கு பஸ், ரூம், பிள்ளைங்களுக்கு நோட்டு எல்லாமே கைக்காசு, அந்த மிச்ச 350ல இன்னும் கொஞ்சம் நோட்டு வாங்கியிருப்பேன், வயிறு எரியுது.

ஸ்கூல்ல முதல் பீரியட் முழுக்க வரவேற்புரை, பொன்னாடை, போட்டோ. அன்பாத்தான் செய்றாங்க, புரியுது, ஆனா பிள்ளைங்க தரைல உக்காந்து கொட்டாவி விடுறாங்க. இந்த மேடையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் நோட்டைக் குடுத்து ஒரு கதை எழுதுங்கன்னேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரு ஊர்ல ஒரு ராஜா, காட்டுல ஒரு சிங்கம்! ஆனைமலைல சிங்கம் ஏது, சிங்கவால் குரங்குதான் இருக்கு. அதுங்க ரோட்டைக் கடக்க புதுத்தோட்டம்ங்கிற எஸ்டேட் பக்கம் மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டிருக்காங்க, இந்தப் பிள்ளைங்க தினம் அதுக்குக் கீழதான் போகுதுங்க. சரி, ராஜா வேண்டாம், உங்க லைன் வீட்டுப் பக்கம் (தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடு) ராத்திரி என்ன நடக்கும்னு கேட்டேன், அவ்வளவுதான், வகுப்பே கத்துது. யானை பக்கத்துல வந்தா கம்பத்துல சிவப்பு லைட் எரியுமாம், செல்போன்லயே எரிய வைப்பாங்களாம், அம்மா கொழுந்து பறிச்சிட்டு வர லேட்டானா அந்த லைட்டையே பாத்துட்டு இருப்பேன்னு ஒரு ஏழாவது படிக்கிற பொண்ணு சொன்னா. அதை அப்படியே எழுதும்மான்னேன். ஒரு பையன் சத்துணவுக்கூடத்துச் சுவரை இடிச்ச யானையைப் பத்தி எழுதினான், அரிசி பருப்பைத் தின்னுட்டு யானை சொல்லுதாம், "நாளைக்கு முட்டையும் போடுங்க டீச்சர்"னு. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வகுப்பு வந்து எட்டிப் பாத்துச்சு. இத்தனை வருஷமா எழுதுற எனக்கு அந்த வரி வராதுங்க, சத்தியமா.

கஷ்டம் என்னன்னா ஒரு சார் உடனே சிவப்புப் பேனாவை எடுத்துட்டார், ஒரு பையன் "பாட்டி போச்சு"ன்னு எழுதினா "பாட்டி சென்றார்"னு மாத்தறார். சார், இன்னிக்கு விட்டுருங்க, அவன் முழுசா எழுதி முடிக்கட்டும், பிழையை அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு சொன்னேன். கேட்டுக்கிட்டார், நல்ல மனுஷன். பள்ளிக்கல்வித் துறை நடத்துற தேன்சிட்டு இதழ்ல 6ல இருந்து 9 வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க எழுதினதும் வருது, அந்த சிவப்பு லைட், சத்துணவு யானை ரெண்டு கதையையும் அனுப்பச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

இங்க போக நினைக்கிறவங்களுக்கு வழி விவரம், இதோ: பொள்ளாச்சில விடிகாலை பஸ்ஸையே பிடிங்க, ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும், ஜீப் வாடகையை ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. என்னை மாதிரி ஸ்கூலுக்குப் போறவங்க, பொன்னாடை காசுக்கு நோட்டு வாங்கிடுங்கன்னு ஹெச்.எம்.கிட்ட போன்லயே சொல்லிடுங்க, எழுத வைக்க ரெண்டு பீரியடா கேட்டு வாங்கிடுங்க, ஒண்ணு பத்தவே பத்தாது.