அம்மா காலுக்கடியில் ஒரு டொக்கு

எங்கள் வீட்டு மாருதி 800க்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. 2003 மாடல், டி.என்.72 நம்பர், அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. அப்பா இப்போது இல்லை. வண்டியை விற்க அம்மாவுக்கு மனசில்லை, சொல்லப்போனால் எனக்கும்தான். பாளையங்கோட்டையிலிருந்து மாதம் இரண்டு தடவையாவது அம்பாசமுத்திரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்வருவோம். போன ஆடியில் அப்படிப் போகும்போது, சேரன்மகாதேவி தாண்டியதும் முதல்முறையாக அது கேட்டது.

டொக். மரக்கதவை முட்டிவிரலால் தட்டினால் வருமே, அந்த மாதிரி. கொஞ்ச தூரம் போனால் இன்னொரு டொக்.

“ஏல, ஏங் காலுக்கடியில என்னமோ தட்டுதுலா” என்றாள் அம்மா.

“இல்லம்மா, இந்தப் பக்கந்தான் கேக்கு” என்றேன். எனக்கு அது வலதுபக்கம், பிரேக் மிதிக்கும் இடத்துக்கு முன்னால் கேட்டது. ஓட்டுகிறவன் நான், எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ஏழாயிரத்துச் சொச்சம்.

சத்தத்துக்கு ஒரு குணம் இருந்தது. நான்குவழிச் சாலையில் கங்கைகொண்டான் பக்கம் எண்பதில் போனால் மூச்சே விடாது. ஊருக்குள் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்களில் இருபதில் உருட்டினால் விடாமல் தட்டும். பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கினால் அமைதி. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் இணைப்புக்கு ஒரு டொக் என்று கணக்கு வைத்து அடிக்கும். 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலமே ஒரு முனகல் இல்லாமல் நிற்கிறது, இருபது வருஷ வண்டிக்கு என்ன கேடு என்று அதன்மேல் போகும்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் சத்தமா, ஷாக் அப்சார்பர்தான் என்று இரண்டையும் மாற்றினார்கள். 4,200 ரூபாய். திரும்பி வரும்போது முதல் குழியிலேயே டொக். பானட்டின் மூலையை அழுத்தி விட்டுப் பார்த்திருந்தாலே போதும்: பழைய ஷாக் ஒரே எழும்பலில் அடங்கி நின்றுகொண்டிருந்தது, எண்ணெய்க் கசிவும் கிடையாது. நல்ல ஷாக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டாவது இடத்தில், சக்கரத்தை அடியில் வண்டியோடு பிடித்து நிறுத்தும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கையின் ரப்பர் புஷ்ஷும், அதன் சக்கரப் பக்க மூட்டான பால் ஜாயிண்டும் மாற்றினார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது. இரண்டே மாதத்தில் பழையபடி வந்துவிட்டது.

அப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். வண்டிக்குள் ஆடக்கூடிய எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தேன்: ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் பை, அப்பாவின் பழைய குடை. அப்படியே தெருவில் ஓட்டிப் பார்த்தால் சத்தம் இருக்கிறது. பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டினேன். பிரேக் பேட் ஆடுகிறது என்றால் அப்போது நின்றுவிடும், நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் போட்டேன். ஆக்ஸில் ஜாயிண்ட் போயிருந்தால் டக டக டக என்று அடுக்கடுக்காக வரும், அதுவும் இல்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பக்கவாட்டில் பிடித்து ஆட்டினேன். பேரிங், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. (வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் மட்டும் படுத்துவிடாதீர்கள். ஸ்டாண்டு வேண்டும்.)

சாயங்காலம் வரை பார்த்தும் பிடிபடவில்லை. சாமான்களை உள்ளே போட்டுவிட்டு வண்டியைத் தெருவில் எடுத்துத் திருப்பி வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு இடதுபக்கம் நின்றாள்.

“நில்லு. இன்னொருக்க பின்னால எடு.”

எடுத்தேன். பிரேக் பிடித்தேன்.

“இப்பம் முன்னால.”

முன்னால் எடுத்துப் பிரேக் பிடித்தேன்.

“பின்னால போயி நிறுத்துனா ஒரு தட்டு, முன்னால வந்து நிறுத்துனா ஒரு தட்டு. இந்தச் சக்கரத்துலதான் கேக்கு. நான் அன்னைக்கே சொன்னேம்லா.”

இறங்கி, அவளை உள்ளே உட்காரவைத்து நான் வெளியே நிற்க முடியாது, அவளுக்கு ஓட்டத் தெரியாது. மறுநாள் பேட்டையில் நண்பன் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயசிருக்கும். பழைய அம்பாசடரும் பியட்டும் பார்த்த கை. லிஃப்ட் கிடையாது, தரையில் வெட்டிய கிடங்குதான். இதுவரை என்னென்ன மாற்றியது என்று கேட்டுவிட்டு, “ஜாக்கில தூக்கிட்டா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் அண்ணாச்சி. எறக்கி வச்சுப் பாக்கணும்லா” என்றார். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது தேய்ந்த பாகமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்துவிடும். பாரம் இருந்தால்தான் அது அங்குமிங்கும் மோதும்.

பையனை வண்டியில் ஏற்றி முன்னும் பின்னுமாக எடுத்து எடுத்துப் பிரேக் பிடிக்கச் சொன்னார். தான் இடது முன்சக்கரத்துக்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் விரலைக் காட்டினார். பிரேக் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் சக்கரம் முழுசாகப் பின்னால் நகர்ந்தது. விரல் கனத்துக்கு இருக்கும். ரிவர்ஸில் பிடித்தால் முன்னால் நகர்ந்தது. வலது சக்கரம் அசையவில்லை.

மாருதி 800இல் லோயர் ஆர்ம் ஒரே ஒரு இடத்தில்தான் பாடியோடு சேர்கிறது. சக்கரம் உள்ளே வெளியே போகாமல் அது பிடிக்கும். முன்னால் பின்னால் ஆடாமல் பிடிக்க அதனால் முடியாது. அந்த வேலையைச் செய்வது ஸ்டெபிலைசர் பார். இரண்டு பக்கத்து ஆர்மையும் இணைத்துக் குறுக்கே ஓடும் வளைந்த கம்பி அது. வளைவில் வண்டி சாயாமல் தடுப்பது பேருக்கு. இந்த வண்டியில் சக்கரத்தை முன்பின் நகராமல் நிறுத்துவதும் அதுதான். அதன் நுனி ஆர்மில் உள்ள ஓட்டைக்குள் நுழைந்து, இரண்டு ரப்பர் புஷ்களுக்கு நடுவே ஒரு நட்டில் நிற்கிறது. கம்பி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒன்றே என்பதால் இடதில் அடிக்கும் அடி வலதிலும் கேட்கும். என் காது ஏமாந்தது இங்கேதான்.

கிடங்குக்குள் இறங்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை உருவி நட்டைக் கழற்றினார். ரப்பர் புஷ்ஷாக வரவில்லை, காய்ந்த கருப்பட்டித் தூள் மாதிரி கையில் உதிர்ந்தது. கம்பி நெடுக இருபது வருஷத் துரு. நுனியில் மட்டும், ஆர்ம் உரசிய இடத்தில், ஒரு விரற்கடை அகலத்துக்குப் புதுப் பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தது. இரும்பும் இரும்பும் மோதித் தேய்த்த பளபளப்பு.

இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் போட்ட ஆர்ம் புஷ்ஷையும் டார்ச் அடித்துக் காட்டினார். அதற்குள்ளேயே கிழிந்திருந்தது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்கியிருக்கிறார்கள். இறக்கியதும் ஆர்ம் மேலே திரும்பும், ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். கொஞ்ச நாளில் கிழியத்தான் செய்யும். இவர் புதுசைப் போட்டு, போல்ட்டைக் கையால் மட்டும் பிடித்து, வண்டி நான்கு காலிலும் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்கினார்.

மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றுபோனாலும் புஷ்ஷுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை, ஜங்ஷனில் முதல் கடையிலேயே கிடைத்தது. இரண்டு பக்கத்துக்கும் ஸ்டெபிலைசர் புஷ், நடு கிளாம்ப் ரப்பர், ஆர்ம் புஷ், கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். வண்ணாரப்பேட்டையில் சக்கரங்களின் அலைன்மெண்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார், பார்த்தேன்.

அடுத்த வாரம் அம்பாசமுத்திரம் போனோம். ஒரு தட்டு இல்லை. இன்னொன்றும் கவனித்தேன்: பிரேக் பிடித்தால் வண்டி லேசாக இடதுபக்கம் இழுக்கும், இத்தனை நாளும் அதை ரோட்டுச் சரிவு என்றே நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நேராக நிற்கிறது. வீரவநல்லூர் வரும்வரை பேசாமல் வந்த அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, “ம், இப்பம் சரி” என்றாள்.