ரங்கூன் மழையில் சைனஸ்: எனக்குக் கேட்ட வைத்தியம்

ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பழைய கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறோம். ஆடி மாதம் வரும்போது சுவரெல்லாம் பூஞ்சணம் பூத்து, அலமாரிக்குள் மடித்து வைத்த சேலைகூட ஈர வாடை அடிக்கும். எனக்கு அந்த வாடை தெரியாமல் போனது. சளி, தும்மல், தலைபாரம் இவையெல்லாம் வருஷக்கணக்காகப் பழகியவை. ஆனால் ஙப்பி (பர்மியர்களின் புளித்த மீன், இறால் விழுது) வறுத்தால் மூன்று மாடிக்குத் தெரியும். அடுப்புப் பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் இதை இப்படியே விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

என் தொந்தரவு இப்படித்தான் இருக்கும்: காலையில் எழுந்தால் இரண்டு கன்னத்திலும் புருவத்துக்கு மேலும் கனம். வாளியைத் தூக்கக் குனிந்தால் முகத்துக்குள் ஏதோ முன்னால் சரிந்து வருகிற மாதிரி வலி. பகலெல்லாம் தொண்டைக்குப் பின்புறம் சளி வழிந்துகொண்டே இருக்கும், ராத்திரி படுத்தால் இருமல். 12 வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் அதை நாள்பட்ட சைனஸ் என்கிறார்கள். நம் சித்த வைத்தியத்தில் பீனிசம்.

என் மாமியார் பெகு பக்கம் நெல் விளையும் ஊரில் பிறந்தவர். அந்த ஊரில் டாக்டரைப் பார்க்க மாட்டுவண்டி கட்டிப் போக வேண்டியிருந்த காலத்தில், பாட்டியிடமிருந்து கைவைத்தியம் கற்றவர். அத்தைக்கு என்மேல் பாசம் அதிகம். அதனால் எல்லாவற்றையும் எனக்குச் செய்து பார்த்தார். காளி கோயிலுக்குப் போய்விட்டு, பக்கத்திலேயே இருக்கும் தெய்ஞ்சி பஜாரில் சுக்கு, ஓமம், விரலி மஞ்சள் எல்லாம் வாங்கி வருவார். அந்தச் சந்தையில் மருந்துச் சரக்குக் கடைகளுக்குக் குறைவில்லை. வேர், பட்டை, உலர்ந்த பூ என்று மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

சுக்கை உரைத்து நெற்றியில் பற்று போடுவோம். ஊரிலிருந்து வருகிறவர்கள் நீர்க்கோவை மாத்திரை கொண்டுவந்தால் அதையும் உரைத்துப் போடுவோம். தோல் சூடேறி எரியும்போது உள்ளே இருக்கும் வலி கொஞ்சம் மறக்கும். பற்று காய்ந்து உதிர்ந்ததும் வலி திரும்ப வந்துவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் போடக்கூடாது, தோல் மெல்லியவர்களுக்குப் புண்ணாகிவிடும். மிளகு ரசம், சூடாக மொஹிங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ், இஞ்சித் தேநீர் எல்லாம் அப்போதைக்கு மூக்கை ஓட விடும். அந்த அரைமணி நேர நிம்மதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முகம் கனக்கும்போது அரைமணி நேரம் பெரிய விஷயம்.

விரலி மஞ்சளைச் சுட்டுப் புகை இழுப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சளை நல்லெண்ணெயில் தோய்த்து விளக்கில் காட்டுவார்கள், கருகும்போது வரும் புகையை ஒரு மூக்கால் இழுக்க வேண்டும். கண்ணில் நீர் கொட்டும், மூக்கும் ஒழுகும். அது குணமில்லை, எரிச்சல். ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் சவ்வில் எந்தப் புகை பட்டாலும் கெடுதல்தான். “மருந்துக்கடை மாத்திரையைவிட இது என்ன கெடுதல் பண்ணிடும், அம்மாடி?” என்றார் அத்தை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இங்கே சில மருந்துக்கடைகளில் நோயைச் சொன்னால் போதும், நாலைந்து நிற மாத்திரையைக் கலந்து ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பெயரும் இருக்காது, அளவும் இருக்காது. அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் ஆன்டிபயாடிக் இருந்தாலும் சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. அந்தப் பொட்டலத்தை யாரும் தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

புலித் தைலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, அது எங்கள் ஊர்ச் சரக்கு. ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் 1870-களில் ரங்கூனில் தொடங்கிய மருந்துக்கடையில் பிறந்தது. மகன்கள் ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும்தான் அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் உலகமெல்லாம் விற்றார்கள். பொட்டில் தடவினால் மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்கும். உண்மையில் வீக்கம் ஒரு துளியும் குறைவதில்லை. மென்தால் மூக்குக்குள் இருக்கும் குளிர்ச்சி உணரும் நரம்பைத் தூண்டுகிறது, காற்று நிறையப் போவதாக மூளை நினைத்துக்கொள்கிறது. தூக்கம் வர அது உதவுகிறது என்பதால் நான் இன்றும் தடவுகிறேன். மூக்கு ஓட்டைக்குள் தடவக்கூடாது. அதில் கற்பூரம் இருக்கிறது, கைக்குழந்தைகளுக்கு ஆகாது.

ஆவி பிடிப்பதும் இந்த வகைதான். 2016-ல் கனடா மருத்துவச் சங்க இதழில் பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வு வந்தது. நாள்பட்ட சைனஸும், திரும்பத் திரும்ப வரும் சைனஸும் உள்ள 800-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது, மற்ற தொந்தரவுகள் அப்படியே இருந்தன. உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கு ஓரளவு நல்ல குணம் தெரிந்தது. ஆவி பிடித்தே தீர வேண்டும் என்றால் கொதிக்கும் சட்டியைத் தரையில் வைத்துப் போர்வைக்குள் குனிய வேண்டாம். குழந்தைகள் ஓடிவந்து தட்டிவிட்டு வெந்துபோன கதைகள் எல்லாத் தமிழ்க் குடும்பத்திலும் இருக்கும்.

கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். இதை எல்லோரும் முதலிலேயே செய்வது நல்லது. ஏனென்றால் சைனஸ் என்று நாம் சொல்வதற்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. சிலருக்கு மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கும், சிலருக்கு மூக்குக்குள் பாலிப் என்ற சதைத் திரட்சி வளர்ந்திருக்கும், சிலருக்கு ஒவ்வாமை. மேல் கடைவாய்ப்பல்லின் வேர் கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறையை ஒட்டி இருப்பதால், பல் சொத்தையாகி அங்கிருந்து சீழ் பிடிப்பதும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் பல்லைத்தான் முதலில் பார்ப்பார்களாம். மருத்துவர் மெல்லிய கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். எனக்குப் பாலிப் இல்லை, பல்லும் காரணமில்லை. ஒவ்வாமையால் சவ்வு வீங்கி வாசல் அடைத்துக் கிடக்கிறது என்றார்.

அந்த வாசலைப் பற்றி அவர் படம் வரைந்து காட்டியது எனக்குக் கண்ணைத் திறந்தது. முகத்தில் நாலு ஜோடி சைனஸ் இருக்கின்றன. நெற்றியில், கன்னத்தில், இரண்டு கண்ணுக்கும் நடுவில், அதற்கும் பின்னால் ஆழத்தில். கன்னத்தில் இருப்பதுதான் பெரிது. அதன் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. ஓட்டையை மேலே வைத்துக் கட்டிய தண்ணீர்த் தொட்டி மாதிரி. சளி தானாக வழிந்து வெளியேறாது. உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர்கள் அசைந்து அசைந்து மேலே தள்ள வேண்டும். சளி கெட்டியாகிவிட்டாலும், வாசலில் வீக்கம் வந்தாலும் அந்த வேலை நின்றுவிடும். அப்புறம் நெற்றியில் என்ன பூசினாலும் உள்ளே எட்டாது என்பது எனக்கு அப்போது விளங்கியது. சளியை இளக்கிக் கழுவ வேண்டும், வாசல் வீக்கத்தை வற்றவைக்க வேண்டும். கழுவுவதற்கு உப்புநீர், வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே. அவர் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்.

உப்புநீர் என்றதும் அத்தை மலர்ந்துவிட்டார். “இது நம்ம சலநேதி தானே!” என்றார். ஆமாம், அதேதான். ஹட யோகப் பிரதீபிகை சொல்லும் ஆறு சுத்திகரிப்புகளில் நேதியும் ஒன்று.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். குழாய்த் தண்ணீரை மூக்குக்குள் விடவே கூடாது. நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா நன்னீரில் வாழ்வது. குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தின்றுவிடும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் நேதி செய்த இரண்டு பேர் இறந்தார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது மிக அபூர்வம். எங்கள் கட்டடத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறி வருகிறது. குடிக்க 20 லிட்டர் ஜாடி வாங்குகிறோம். அந்த ஜாடித் தண்ணீரையும் நான் நம்புவதில்லை. குமிழ் விட்டுத் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு, மூடி ஆறவைத்தால்தான் மூக்குக்கு. கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர் இது. அதனால் கரண்ட் வந்ததும் முதலில் கெட்டில்தான். பச்சைத் தேநீர் ஊற்றிவைக்கும் பிளாஸ்க் இல்லாத வீடு ரங்கூனில் இல்லை. என் மூக்குக்கென்று தனியாக ஒரு பிளாஸ்க் இருக்கிறது. ஒருநாள் தண்ணீரை மறுநாள் வைத்துக்கொள்வதில்லை.

அயோடின் சேர்க்காத பொடியுப்பு மூன்று தேக்கரண்டி, ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி கலந்து, ஈரம் படாத பாட்டிலில் வைத்திருக்கிறேன். 240 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு இந்தக் கலவையில் ஒரு தேக்கரண்டி. எரிந்தால் கலவையைக் கொஞ்சம் குறைக்கலாம். வெறும் தண்ணீர் ஊற்றக்கூடாது, குத்தும்.

வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட வேண்டும். மேல்பக்க மூக்கில் உப்புநீர் நிரப்பிய பாட்டிலின் வாயை வைத்து மெதுவாக அழுத்தினால், தண்ணீர் கீழ்ப்பக்க மூக்கு வழியாக வரும். தொண்டைக்கு இறங்காமல் இருக்க “க்க… க்க…” என்று சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னார் மருத்துவர். அது நன்றாகவே உதவுகிறது. முதலில் தெளிந்த நீர் வரும், கொஞ்சம் பொறுத்து நூல்நூலாகச் சளி, சில சமயம் காய்ந்த பசை மாதிரி ஒரு துண்டு. அது விழுந்ததும் கன்னத்தில் ஏற்படும் லேசுத்தனத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முடிந்ததும் இரண்டு மூக்கையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தக்கூடாது, காதுக்குப் போய்விடும். பாட்டிலைக் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மூக்கு முழுதாக அடைத்திருக்கும் நாளிலும் காதுவலி இருக்கும் நாளிலும் செய்வதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்பிரே. வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் அடித்தால் மருந்து நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் போகும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் வரும். இது அன்றைக்கே கேட்கிற மருந்து இல்லை, வாரக்கணக்கில் விடாமல் அடிக்க வேண்டும். உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று எழுதியிருக்கும். அதைச் சில நாளுக்கு மேல் போட்டால், விட்டதும் முன்பைவிட மோசமாக அடைக்கும். என் கணவரின் தம்பி ஒரு வருஷம் அந்தக் குப்பியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார், விடுபட மிகவும் சிரமப்பட்டார்.

வீட்டையும் மாற்றினோம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்தோம். சுவரைப் பிளீச்சிங் தண்ணீரில் துடைத்தோம், அதை என் கணவரும் மகனும் முகமூடி போட்டுக்கொண்டு செய்தார்கள். ஈரத் துணியை அறைக்குள் காயப்போடுவதை நிறுத்தினோம். கொசுவர்த்தி போய் வலை வந்தது. தெருவில் ஜெனரேட்டர் ஓடும்போது அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறோம். சாம்பிராணிதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி இல்லாமல் அத்தைக்கு விளக்கேற்றிய மாதிரியே இராது. நான் வாய் திறப்பதற்கு முன்பே அவரே தூபக்காலைப் பால்கனிக்கு எடுத்துப் போய்விட்டார். இப்போது அங்கேயே காட்டிவிட்டு, புகை அடங்கிய பிறகு உள்ளே வருகிறார்.

மணம் ஒரேயடியாகத் திரும்பவில்லை. முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் எலுமிச்சைத் தோல், ரொம்பத் தாமதமாக மல்லிகை. ஙப்பி வாடை இப்போது முழுசாகத் தெரிகிறது. மழைக்காலத்தில் தினமும் கழுவுகிறேன், மழை விட்டதும் குறைத்துக்கொள்கிறேன். மாசி, பங்குனியில் ஊரைச் சுற்றி வைக்கோலும் குப்பையும் எரியும் புகை வரும், அப்போது மறுபடி தினமும். திஞ்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் தெருவில் ஊற்றும் தண்ணீர் மூக்குக்குள் போகாமல் முகத்தை மூடிக்கொள்கிறேன்.

இதே தொந்தரவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், ஒன்று இரண்டாகத் தெரிவது, இதுவரை வராத கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, அதிகக் காய்ச்சல், குழப்பமான பேச்சு இவற்றில் எது வந்தாலும் உப்புநீரையும் பற்றையும் வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சைனஸிலிருந்து கிருமி கண்குழிக்கோ மூளைக்கோ போயிருக்கலாம், அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது.