இங்கினியாகலையிலிருந்து வந்த போத்தல்

2025 பெப்ரவரி 8, சனி. களுவாஞ்சிகுடி

அம்மாவின் றங்குப் பெட்டியைத் துப்புரவாக்கினோம். அடியில், பழைய வேட்டியில் சுற்றிய அம்மப்பாவின் விஸ்கிப் போத்தல். அப்படி ஒன்று இருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெளியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. இன்னும் மூடி திறக்காத போத்தல். அம்மப்பா குடியாதவர்.

எங்களுக்குச் சொல்லி வளர்த்த கதை இதுதான்: இங்கிலாந்துத் துரை ஒருவர் கப்பலேறும்போது கொடுத்தது, நூறு வருசத்து ஸ்கொட்ச். லேபலில் மார்பளவு உருவமாக ஒரு கிழவர் இருக்கிறார். அவர்தான் அந்தத் துரை என்பா பெரியம்மா. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போய், பெட்டிக்குள் தண்ணீர் நின்றதில் லேபலின் கீழ்ப்பாதி கரைந்துவிட்டது. பெயரும் ஊரும் அதோடு போயிற்று. கிழவரின் முகம் மட்டும் தப்பியிருக்கிறது.

இரவு ரொறன்ரோவிலிருந்து மாமா எடுத்தார். “மனே, லண்டனில ஒரு விஸ்கிப் போத்தல் இருபது லட்சம் பவுணுக்கு மேல போயிருக்காம். இதையும் வடிவாப் பாரு.”

பார்க்கத்தான் போகிறேன். விலைக்காக மட்டும் இல்லை. அம்மப்பா கைபட்ட பொருளென்று எங்களிடம் மிஞ்சியவை மிகக் கொஞ்சம். அதில் ஒன்றைப் பற்றிச் சரியாகத் தெரியாமல் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

லேபல் போனாலும் கண்ணாடி போகவில்லை. பின்பக்கமாக டோர்ச் அடித்துப் பார்த்தபோது தோள் பகுதியில் புடைத்த எழுத்துகள் தெரிந்தன. விரலால் தடவி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன்: ‘ஃபெடரல் லோ ஃபொர்பிட்ஸ் சேல் ஓர் ரீயூஸ் ஒஃப் திஸ் பொட்டில்’. இந்தப் போத்தலை விற்பதையோ திரும்பப் பாவிப்பதையோ கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது என்ற எச்சரிக்கை.

கூட்டாட்சிச் சட்டம் என்றால் இங்கிலாந்து இல்லை, அமெரிக்கா. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகும் கள்ளச் சாராயக்காரர் நல்ல போத்தல்களைப் பொறுக்கி, அதற்குள் தங்கள் சரக்கை ஊற்றி விற்றார்கள். அதை நிறுத்தத்தான் 1935இலிருந்து இந்த வரியைக் கண்ணாடியிலேயே வார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். 1964ஓடு அந்தக் கட்டாயம் நீங்கியது. அமெரிக்காவில் விற்பதற்காக அனுப்பிய ஸ்கொட்ச் போத்தல்களிலும் இதே வரி உண்டு. ஆகவே ஸ்கொட்ச் இல்லை என்று இன்றைக்கே அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த நாட்டுக் கடைக்காகச் செய்த போத்தல் என்பதில் சந்தேகம் இல்லை. நூறு வருசக் கதையும் இதோடு முடிந்தது.

பெப்ரவரி 12, புதன், போயா

பாசிக்குடாவில் ஹோட்டல் பாரில் நெடுநாள் வேலை செய்த நண்பருக்கு, பௌர்ணமி விடுமுறையான போயா நாளில்தான் ஓய்வு. பின்னேரம் வந்தார். நான் லேபலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நேரே மூடிக்குப் போனார். மூடிக்கு மேலாகக் குறுக்கே ஒட்டி இரண்டு பக்கமும் இறங்கும் ஒரு கடதாசிப் பட்டி, மங்கிய பச்சை. “உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவாங்க அண்ணன், இதுதான் இதுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம்” என்றார்.

ஒரு பக்கம் ‘ஸ்பிரிங் 1946’. மறுபக்கம் ‘ஃபோல் 1950’. நடுவில் ‘பொட்டில்ட் இன் பொண்ட்’ என்பதில் பாதி, கீழே 100 என்ற எண்.

அவர் விளக்கியதைப் பிறகு தேடிப் படித்தும் உறுதிசெய்தேன். அமெரிக்காவில் 1897இல் வந்த ஒரு சட்டப்படி, ‘பொட்டில்ட் இன் பொண்ட்’ முத்திரை பெறும் விஸ்கி ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். அரசு கண்காணிக்கும் களஞ்சியத்தில் குறைந்தது 4 வருசம் பீப்பாயில் கிடக்க வேண்டும். 100 புரூஃபில், அதாவது 50 சதவீத மதுசாரத்தில், போத்தலாக்க வேண்டும். வடித்த பருவமும் போத்தலில் அடைத்த பருவமும் பச்சைப் பட்டியில் இருக்கும். பழைய பிரித்தானிய ஸ்கொட்ச் லேபல்களில் 70 புரூஃப் என்று காண்பதும் இந்த 100உம் வேறு வேறு அளவுகோல்கள். அங்கே 70 என்றால் 40 சதவீதம்.

போத்தலின் அடியில் வார்த்த இலக்கங்களின் கடைசியில் 50. கண்ணாடியும் பட்டியும் ஒரே வருசத்தைச் சொல்கின்றன.

பெப்ரவரி 15, சனி

லேபல் கிழவரைக் கண்டுபிடித்தாயிற்று. பழைய போத்தல் படங்களோடு ஒப்பிட்டதில் முகம் அப்படியே பொருந்துகிறது: ஓல்ட் கிராண்ட்டாட், கென்டக்கி பேர்பன். பேசில் ஹேடன் என்ற பழைய வடிப்பாளரின் உருவம் அது. அவருடைய பேரன் 1882இல் தாத்தாவின் நினைவாக இந்த விஸ்கியைத் தொடங்கினார். எங்கள் போத்தலின் காலத்தில் இதை வடித்தது நஷனல் டிஸ்டில்லர்ஸ் கம்பனி. பேர்பன் என்றால் தானியத்தில் பாதிக்கு மேல் சோளம் இருக்க வேண்டும், உள்ளே கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும். எங்கள் போத்தலில் இருப்பது அடர்ந்த செம்பழுப்பு.

மாமாவுக்குச் சொன்னேன். “அப்ப எழுபத்தஞ்சு வருச விஸ்கி!” என்றார். இல்லை மாமா. விஸ்கிக்கு வயது ஏறுவது பீப்பாய் மரத்துக்குள் கிடக்கும்போது மட்டும்தான். கண்ணாடிக்குள் போன நாளோடு அது நின்றுவிடும். 1946 வசந்தத்திலிருந்து 1950 இலையுதிர்காலம் வரை நாலரை வருசம். இது என்றைக்கும் நாலரை வருச விஸ்கிதான்.

பெப்ரவரி 20, வியாழன்

அமெரிக்கக் கடையில் விற்பதற்கென்று செய்த பேர்பன், பட்டிப்பளை ஆற்றங்கரைக்கு எப்படி வந்தது? அம்மாவிடம் இருந்து கேட்டேன்.

அம்மப்பா இங்கினியாகலையில் ஸ்டோர் கிளார்க். 1949இல் அந்த ஆற்றை மறித்து நீர்ப்பாசனமும் குடியேற்றமும் செய்யும் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது அணையைக் கட்ட வந்தது மொரிசன் நட்சன், ஐடஹோ மாநிலத்துக் கம்பனி. ஹூவர் அணையைக் கட்டிய கூட்டில் இருந்தவர்கள். காட்டுக்குள் பெரிய மண்வாரி இயந்திரங்களும் அமெரிக்கப் பொறியியலாளர்களும் வந்து இறங்கினார்கள். அப்போது அம்பாறை என்று தனி மாவட்டம் இல்லை, எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம்தான், பிரித்தது 1961இல். பெட்டியிலேயே அம்மப்பாவின் சேவைச் சான்றுக் கடிதமும் இருக்கிறது, கம்பனியின் தலைப்போடு, 1952ஆம் ஆண்டுத் திகதியில். எங்கள் ஊரில் வெள்ளைத்தோல் எல்லாம் துரைதான், அதனால் அமெரிக்கப் பொறியியலாளர் கதையில் இங்கிலாந்துத் துரையாகிவிட்டார். சொந்தப் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த போத்தலை, வேலை முடிந்து போகும்போது அம்மப்பாவின் கையில் கொடுத்திருக்கிறார்.

அதோடு நிறுத்தியிருப்பேன், அம்மா நிறுத்தவில்லை. கம்பனி போன பிறகு அம்மப்பா அபிவிருத்திச் சபையில் வேலை எடுத்து அங்கேயே இருந்தார். 1956 ஜூன் மாதம் கல்லோயாவில் தமிழர்களை அடித்துக் கொன்றபோது அம்மாவுக்கு ஆறு வயது. “லொறியில சாமான் ஏத்த விடல்ல மனே. ஆளுக்கொரு பிள்ளையத் தூக்கினாங்க. பெட்டிய மட்டும் அப்பா தோளில வச்சார். மறுகா அந்தப் பக்கம் போகவே இல்ல.” காணி உறுதியும் தாலிக்கொடியும் இருந்ததால் தூக்கிய பெட்டி. போத்தல் அதற்குள் கிடந்தது. வீடும் மாடும் நெல்லும் அங்கேயே போயிற்று.

இதை அம்மா இவ்வளவு நீட்டாக முன்பு சொன்னதே இல்லை. ஃபோனில் பதிவு செய்துகொண்டேன், அனுமதி கேட்டுத்தான்.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

விலை. மாமாவுக்கு எழுதி அனுப்பியதையே இங்கும் வைக்கிறேன்.

2023 நவம்பரில் சோதபீஸ் ஏலத்தில் 21 லட்சம் பவுணுக்கு மேல் போனது மக்கலன் 1926 என்ற ஸ்கொட்ச். அது 60 வருசம் பீப்பாயில் கிடந்தது, மொத்தமே 40 போத்தல். எங்களுடையது ஆயிரக்கணக்கில் விற்ற விஸ்கி. அதே காலத்துப் போத்தல்கள் ஏலங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு ஏல நிறுவனத்துக்குப் படங்களை அனுப்பியிருந்தேன். சில நூறு பவுண் என்றுதான் பதில். லேபல் பாதி இல்லை, திரவம் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கியிருக்கிறது. இரண்டும் விலையைக் குறைக்கும். பட்டி கிழியாமல் இருப்பது கூட்டும். கூடவே வரலாற்றுச் சான்று கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்: 2018இல் ஸ்கொட்லாந்து ஆய்வுகூடம் ஒன்று 55 அரிய விஸ்கிகளைக் கார்பன் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது 21 போலியாக இருந்தன.

இங்கே விற்கலாமா என்றால், 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் விற்கக்கூடாது. வெளியே அனுப்புவதானால் பத்திரமும் காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்து அந்தச் சில நூறு பவுணில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். விற்க வேண்டாம் என்பது என் முடிவு. மாமாவும் ஒத்துக்கொண்டார்.

மார்ச் 2, ஞாயிறு

போத்தலை நிமிர்த்தி வைத்திருக்கிறேன், வெயில் படாத அலுமாரியில். படுக்க வைத்தால் 50 சதவீத மதுசாரம் மூடியை அரித்துவிடும். சான்றுக் கடிதத்தின் பிரதி, பட்டியின் படம், அம்மா சொன்னதன் எழுத்து வடிவம் மூன்றையும் சகோதரங்கள் எல்லாருக்கும் அனுப்பியாயிற்று. பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்ப அந்தக் கிழவர் ஆர்?” என்று கேட்டா. கென்டக்கிக் கதையை முதலிலிருந்து சொன்னேன்.

இதை வாசிப்பவர்களில் அப்பாவோ தாத்தாவோ 1949 முதல் 1952 வரை இங்கினியாகலையில் வேலை செய்தவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். பெட்டி, வேலைக் கருவி, சம்பளப் புத்தகம், வெறும் போத்தல் எது கிடந்தாலும் கழுவாதீர்கள், ஒட்டியிருக்கும் கடதாசியை உரிக்காதீர்கள். அடியையும் தோளையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். கல்முனையிலிருந்து ஒருவர் ஏற்கனவே எழுதியிருக்கிறார், அவர்கள் வீட்டில் தேன் ஊற்றி வைக்கும் போத்தலிலும் அதே எழுத்துப் புடைத்திருக்கிறதாம். வருகிற சனி போய்ப் பார்க்கிறேன்.