தலைக்குள்ள ஓடுற படமும் கருத்தும் ஒண்ணா?

லாஜிக்னு யாராவது ஆரம்பிச்சாலே நேரா சாக்ரடீஸ்கிட்டதான் போய் நிப்பாங்க. எல்லா மனுஷனும் சாகுறவன், சாக்ரடீஸ் மனுஷன், அதனால அவரும் செத்துப்போவாரு, பாடம் முடிஞ்சுது. அந்த மூணு வரியில மனுஷன்னு ஒரு சொல் ஹாயா உக்காந்திருக்கே, அது எந்த வழியா மனசுக்குள்ள வந்துச்சு, சாக்ரடீஸ ஒரு ஆளா பாக்கலாம், ஆனா பொதுவா 'மனுஷன்'னு ஒருத்தன யாரு எங்க பாத்தாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. எனக்கு அனுமானத்தை விட, அதாவது தெரிஞ்சதுல இருந்து தெரியாததுக்குப் போறதை விட, இந்த இடம்தான் சுவாரசியம், அதனால இந்தப் போஸ்ட் முழுக்க அங்கயேதான் சுத்தப் போறேன்.

அரிஸ்டாட்டில் வழியில வந்த பழைய தர்க்க புத்தகங்கள் எல்லாம் மனசுக்கு மூணு வேலைன்னு பிரிக்கும். ஒரு விஷயத்தை இன்னதுன்னு சும்மா பிடிச்சுக்கறது முதல் வேலை (அப்படிப் பிடிச்சதைத்தான் இங்க கருத்துன்னு சொல்றேன், அபிப்பிராயம்ங்கிற அர்த்தத்துல இல்ல), பிடிச்ச ரெண்டைச் சேர்த்தோ பிரிச்சோ 'இது அது', 'இது அது இல்ல'ன்னு சொல்றது ரெண்டாவது, சொன்னதுல இருந்து சொல்லாத ஒண்ணுக்குப் போறது மூணாவது. முதல் வேலைக்கு உண்மை பொய்ங்கிற பேச்சே கிடையாது. முயல்கொம்புன்னு நினைச்சா அது பொய்யா? பொய் இல்ல, உண்மையும் இல்ல, சும்மா ஒரு நினைப்பு. 'முயலுக்குக் கொம்பு இருக்கு'ன்னு வாயைத் திறந்தாத்தான் மாட்டிக்குவோம். நம்ம ஊர் தர்க்கக்காரங்களுக்கு முயல்கொம்பு எப்படியோ அரிஸ்டாட்டிலுக்கு அப்படி ஒரு ஆட்டுமான், பாதி ஆடு பாதி மான், அதை வச்சு இதே பாயின்டைத்தான் அவர் சொல்றாரு, இருக்குன்னோ இல்லன்னோ சேர்க்கிற வரைக்கும் அதுல உண்மையும் இல்ல பொய்யும் இல்லன்னு.

முயல்கொம்பையாவது நினைச்சுப் பாக்க முடியுது. வட்டச் சதுரம்? ரெண்டு சொல்லும் பக்கத்துல பக்கத்துல நல்லாத்தான் உக்காருது, ஆனா ஒண்ணை மனசு பிடிச்சா இன்னொண்ணு கையை விட்டுப் போயிடுது. சொல் இருக்கு, அதுக்குப் பின்னாடி ஒரு கருத்து இல்ல. மலடி மகன்னு பழைய நூல்கள்ல வர்ற உதாரணமும் இதே ரகம்தான் (இன்னைக்கு அந்த வார்த்தை கேக்க நல்லா இல்ல, ஆனா உதாரணம் கச்சிதம்). ஆக, இல்லாத ஒண்ணு வேற, நினைக்கவே முடியாத ஒண்ணு வேற, இது முதல் வேலையிலயே தெரிஞ்சுடுது.

இப்ப படம் விஷயம். கருத்துன்னா தலைக்குள்ள தெரியற ஒரு மங்கலான போட்டோன்னுதான் பெரும்பாலானவங்க நினைச்சுட்டு இருக்கோம். ஒரு பேப்பர்ல முக்கோணம் ஒண்ணு போடுங்க. கிட்டக்க வச்சுப் பாத்தா கோடு நூல் மாதிரி தடிமனா இருக்கும், ஒரு ஓரத்துல இங்க் கொஞ்சம் கசிஞ்சிருக்கும், மூணாவது கோடு முதல் கோட்டை ஒரு இழை தாண்டிப் போய் நின்னிருக்கும். முக்கோணம்ங்கிற கருத்துல இதுல எதுவுமே கிடையாது. தடிமன் இல்ல, கலர் இல்ல, அளவு இல்ல. சரி பேப்பரை விடுங்க, கண்ணை மூடிக்கிட்டு மனசுல போட்டாலும் அது சமபக்கமாவோ ஒரு பக்கம் சாஞ்சதாவோ ஏதோ ஒரு குறிப்பிட்ட முக்கோணமாத்தான் வந்து நிக்கும், பொதுவான முக்கோணம்னு ஒரு படம் வரவே வராது. ஆனா மூணு கோணமும் சேந்தா ரெண்டு செங்கோணம்னு நிரூபிக்கும்போது நாம எல்லா முக்கோணத்தைப் பத்தியும்தானே பேசறோம்.

இந்த இடத்துலதான் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1690-ல வசமா மாட்டினாரு. பொது முக்கோணம்ங்கிற எண்ணம் சமபக்கமாவும் இருக்கக்கூடாது, இருசமபக்கமாவும் கூடாது, எல்லாமே வேறவேற பக்கமாவும் கூடாது, இது எல்லாமாவும் இருக்கணும் எதுவுமாவும் இருக்கக்கூடாதுங்கிற அளவுக்கு எழுதிட்டாரு. பெர்க்லிங்கிற இன்னொரு தத்துவவாதி 1710-ல அதைப் பிடிச்சு, உங்க தலைக்குள்ள அப்படி ஒண்ணு இருந்தா காட்டுங்க பாப்போம்னு போட்டுத் தாக்கினாரு. அவரோட சொந்தக் கணக்கு என்னன்னா, பொது எண்ணம்னு தனியா ஒண்ணும் இல்ல, ஏதோ ஒரு முக்கோணத்தை எடுத்து மத்த எல்லாத்துக்கும் பதிலா நிறுத்திக்கிறோம், நிரூபிக்கும்போது அதோட பக்க அளவைப் பேச்சுக்கு எடுக்கறதில்ல, அவ்வளவுதான். ஆனா 1734 பதிப்புல அவரே ஒரு வரி சேக்கறாரு, ஒரு உருவத்தோட தனிக்குணங்களைக் கவனிக்காம அதை முக்கோணமா மட்டும் கவனிக்க முடியும்னு. அட, அரிஸ்டாட்டில் வழியில வந்த பழைய ஆளுங்க சொன்னதும் இதைத்தானே ஐயா! ரெண்டு பேருமே கருத்தைப் படமா எடுத்துக்கிட்டதாலதான் இவ்வளவு சண்டை, லாக் அந்தப் படத்துல எல்லாத்தையும் திணிக்கப் பாத்தாரு, பெர்க்லி அந்தப் படமே கிடையாதுன்னு சொன்னாரு.

இதை பிரெஞ்சு தத்துவவாதி டெக்கார்ட் அதுக்கு முன்னாடியே 1641-ல ரொம்ப அழகா பிரிச்சு வச்சிருந்தாரு. ஐங்கோணத்தை நினைச்சாலும் புரியுது, மனசுல படமாவும் வருது. ஆயிரம் பக்கம் இருக்கிற உருவத்தை நினைங்க, வர்ற படம் என்ன, ஏதோ வட்டம் மாதிரி ஒரு குழப்பம், பத்தாயிரம் பக்கம்னு நினைச்சாலும் அதே குழப்பம்தான். ஆனா புரிதல்ல குழப்பமே இல்ல. ஆயிரம் பக்க உருவத்தோட உள்கோணங்களைக் கூட்டினா 1,79,640 டிகிரி, ஒரு டிகிரி கூட கொறச்சல் இல்லாம சொல்ல முடியுது. படம் தோத்துப்போற இடத்துல கருத்து சர்வசாதாரணமா நடந்து போகுது, அப்ப ரெண்டும் ஒண்ணா இருக்க வழியே இல்ல.

படமே இல்லாத கருத்துகளும் ஏகப்பட்டது. குருடுங்கிறதை எப்படி வரைவீங்க? மூடின கண்ணை வரையலாம், அது தூங்கறவனுக்கும் பொருந்தும். இன்னும் நுணுக்கமா பாத்தா, கல்லுக்கும் பார்வை இல்ல, ஆனா கல்லை யாரும் குருடுன்னு சொல்றதில்ல, பாக்கக்கூடிய தன்மை உள்ள ஒண்ணுக்குப் பார்வை இல்லாமப் போனாத்தான் அந்தச் சொல். வெறும் இல்லாமை வேற, இருக்க வேண்டிய இடத்துல இல்லாமை வேற, இதையும் அரிஸ்டாட்டில் 'கேட்டகரீஸ்'ங்கிற புத்தகத்துல பிரிச்சுட்டாரு. ரெண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எந்தப் படத்தாலயும் காட்ட முடியாது, மனசு மட்டும் டக்குனு பிடிச்சுடுது.

அதுக்காகப் படம் தேவையே இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க. படம் இல்லாம மனசு நினைக்கறதே இல்லன்னு அதே அரிஸ்டாட்டில்தான் சொல்றாரு. புலன் ஒரு பொருளைப் பாக்குது, அதோட பதிவு உள்ள தங்குது, அந்தப் பதிவுல இருந்து அறிவு பொதுவானதை மட்டும் எடுத்துக்குது, மத்ததை அங்கயே விட்டுடுது. படிக்கும்போது நாம அச்செழுத்தோட மையைப் பாத்துக்கிட்டேதான் இருக்கோம், ஆனா மையைப் படிக்கறதில்லையே, அந்த மாதிரி. விட்டுடறதுன்னா மறுக்கறது இல்ல, இது முக்கியம். உருண்டையா இருக்கிற ஒண்ணோட உருண்டையை மட்டும் கவனிச்சா அதுக்குக் கலரே கிடையாதுன்னு சொன்னதா ஆகாது, கணக்குக்காரங்க இப்படிப் பிரிச்சு எடுக்கறதுல எந்தப் பொய்யும் வராதுங்கிறதும் பழைய வாதம்தான். 'நீ மனுஷனை வெறும் நம்பரா பாக்கறே'ன்னு சண்டை போடறவங்களும் சரி, நம்பர் மட்டும்தான் நிஜம்னு சொல்றவங்களும் சரி, இந்த ஒரு வித்தியாசத்தை நழுவ விட்டவங்கதான்.

நம்ம நாட்டுப் பழைய தர்க்கப் பள்ளியான நியாய மரபு இதுல வேற ரூட்ல போகுது, எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூட். ஒரு குடத்தைப் பாக்கும்போது முதல் கணத்துல குடமும் குடத்தன்மையும் தனித்தனியா, ஒட்டாம, பேர் வைக்காம அறிவுக்கு வருது, அது நிர்விகற்பம். அடுத்த கணம் ரெண்டும் சேந்து 'இது குடம்'னு ஆகுது, அது சவிகற்பம். இதுல தைரியமான விஷயம் என்னன்னா, பொதுத்தன்மையை அறிவு உள்ள உக்காந்து பிரிச்சு எடுக்கறதா அவங்க சொல்லல, குடத்தைப் பாத்த அதே கண்தான் அதுல இருக்கிற குடத்தன்மையையும் பாக்குதுங்கறாங்க. பௌத்தரான திக்நாகர் இதுக்கு நேர் எதிரா, பொதுத்தன்மைன்னு ஒண்ணு வெளிய கிடையவே கிடையாது, பசுன்னா பசு அல்லாததை எல்லாம் விலக்கினது, அவ்வளவுதான்னாரு. அப்ப பசு அல்லாததை விலக்கணும்னா முதல்ல பசு எதுன்னு தெரியணுமேன்னு எதிராளிங்க மடக்க, அந்தப் பஞ்சாயத்து நூற்றாண்டுக் கணக்கா போச்சு.

சரி, கருத்து உள்ள வந்தாச்சு. அதை அளக்க 1662-ல ஆர்னோவும் நிகோலும் எழுதின போர்ட் ராயல் லாஜிக்ங்கிற பாடநூல் ரெண்டு அளவுகோலைத் தெளிவா பிரிச்சுக் குடுத்துச்சு. ஒண்ணு அந்தக் கருத்துக்குள்ள என்னென்ன அடங்கியிருக்குங்கிறது, உள்ளடக்கம்னு வச்சுக்கலாம். இன்னொண்ணு அது எதுக்கெல்லாம் பொருந்துங்கிறது, பரப்பு. உள்ளடக்கம் கூடினா பரப்பு சுருங்கும்னு பாடத்துல சொல்லித்தருவாங்க, உருவம், நேர்கோட்டு உருவம், முக்கோணம், சமபக்க முக்கோணம்னு இறங்க இறங்க ஆள் குறையும். பொதுவா சரிதான், ஆனா எப்பவும் இல்ல. சமபக்க முக்கோணம்னு சொல்லிட்டு 'மூணு கோணமும் சமம்'னு கூட ஒண்ணைச் சேத்துப் பாருங்க, சமதளத்துல ஒரு முக்கோணம் கூட குறையாது. அதே கூட்டம்தான், ஆனா ரெண்டு வேற கருத்து, ஒண்ணு பக்கத்தை வச்சு நினைக்குது, ஒண்ணு கோணத்தை வச்சு. இது நிரூபிச்சாத்தான் தெரியும், நினைச்ச உடனே தெரியாது. பரப்பு மட்டும் தெரிஞ்சா கருத்து தெரிஞ்சதாகாதுங்கிறதுக்கு இதை விட நல்ல சாட்சி கிடைக்காது. இறகில்லாத ரெண்டு கால் பிராணின்னு மனுஷனுக்கு வரையறை சொன்ன பிளேட்டோ முன்னாடி டயோஜனீஸ் இறகு பிச்ச கோழியைக் கொண்டு வந்து விட்ட கதை எல்லாருக்கும் தெரியும், சிரிச்சுட்டுப் போயிடறோம், கோழி வராம இருந்திருந்தாலும் அந்த வரையறை மட்டம்தான். ஆளைச் சரியா பொறுக்கி எடுத்திருக்கும், ஆனா மனுஷன்னா என்னன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்காது.

அடுத்து பதம். கருத்தை வெளிய கொண்டு வர்ற சொல், ஒரு கூற்றுல எழுவாயாவோ பயனிலையாவோ நிக்கிறது. எல்லாச் சொல்லும் தனியா பதமா நிக்காது, 'எல்லா', 'சில', 'அல்ல', 'மட்டும்' இதெல்லாம் நம்ம இலக்கணத்துல இடைச்சொல் இருக்கே, கிட்டத்தட்ட அந்த மாதிரி, இன்னொண்ணு கூட ஒட்டிக்கிட்டாத்தான் வேலை. அப்புறம் மாலைன்னா பொழுதும் உண்டு பூவும் உண்டு, அது ஒரே சொல்லுக்குள்ள ஒட்டாத ரெண்டு கருத்து, அது பெரிய ஆபத்து இல்ல, உடனே கண்டுபிடிச்சுடலாம். ஆபத்து நடுவுல இருக்கிறதுதான். ஆரோக்கியமான ஆளு, ஆரோக்கியமான சாப்பாடு, ஆரோக்கியமான முகம், மூணும் ஒண்ணு இல்ல, மூணும் வேறயும் இல்ல. சாப்பாடு ஆரோக்கியத்தைத் தருது, முகம் ஆரோக்கியத்தைக் காட்டுது, ஆள்கிட்ட மட்டும்தான் ஆரோக்கியம் நிஜமா இருக்கு. ஆரோக்கியமான விவாதம், ஆரோக்கியமான பொருளாதாரம்னு நாம இழுத்துக்கிட்டே போறோம், எங்க ஒட்டு விட்டுப்போச்சுன்னு யாரும் பாக்கறதில்ல.

இதை விட நைஸா ஏமாத்துற ஒண்ணை இடைக்கால ஐரோப்பிய தர்க்கக்காரங்க தோண்டி எடுத்தாங்க, 13-ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின் பீட்டர் பேர்ல வந்த பாடநூல்ல எல்லாம் இது பெரிய அத்தியாயம். மனிதன் ஓடுகிறான், மனிதன் என்பது ஒரு இனம், மனிதன் என்பது நாலெழுத்து. மூணுலயும் சொல்லோட அர்த்தம் மாறல, அகராதியில தேடினா ஒரே பதிவுதான், ஆனா அந்தச் சொல் எதுக்காக நிக்குதுங்கிறது மாறிடுச்சு. முதல்ல நிஜமா ஓடுற ஒரு ஆளுக்காக, ரெண்டாவதுல அந்தப் பொதுக் கருத்துக்காக, மூணாவதுல தனக்காகவே. இப்ப அந்த சாக்ரடீஸை மறுபடியும் கூப்பிடுங்க. சாக்ரடீஸ் மனிதன், மனிதன் என்பது ஒரு இனம், ஆகவே சாக்ரடீஸ் ஒரு இனம். விதியெல்லாம் பாஸ் ஆன மாதிரி தெரியுது, முடிவு கோணலா இருக்கு. ஏன்னா முதல் வரியில மனிதன் ஆளுங்களுக்காக நிக்குது, ரெண்டாவதுல கருத்துக்காக நிக்குது, மூணு பதம் இருக்க வேண்டிய இடத்துல நிஜத்துல நாலு இருக்கு, அனுமானம் எவ்வளவு கறாரா இருந்தாலும் அதுக்குள்ள இருந்து இதைப் பாக்கவே முடியாது, கீழ இறங்கி முதல் வேலைக்கே வந்து பதத்தைக் கையில எடுத்துத் திருப்பிப் பாத்தாத்தான் தெரியும்.