அளவுநாடாவும் முத்திரையும்

பாய்மரப் படகுப் பந்தயங்களில் படகுகளைச் சோதித்து, "சரி, தண்ணீரில் இறக்கலாம்" என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. பெரும்பாலும் வருவது ஒன் டிசைன் படகுகள். எல்லாப் படகும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஓட்டுபவரின் திறமைதான் ஜெயிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அந்த 'ஒரே மாதிரி'யை வரவழைக்க இரண்டு வழி உண்டு: யாரும் கட்டலாம் என்று விட்டு ஒவ்வொன்றையும் அளந்து பார்ப்பது, அல்லது அனுமதி பெற்றவர்கள் மட்டும் கட்டி முத்திரை போடுவது. இரண்டிலும் வேலை பார்த்துவிட்டேன்.

ஃபின் வந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். ரிக்கார்டு சார்பி 1949இல் வரைந்த படகு அது. பல பேர் கட்டலாம், பாயைப் பல பேர் தைக்கலாம். எல்லாம் விதி சொல்லும் அளவுக்குள் அடங்க வேண்டும். மொத்த எடை சரியாக இருந்தாலும் போதாது, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கு. இரு முனைகளையும் லேசாக்கிக் கனத்தை நடுவில் ஒளித்துவிட்டால், அலையில் படகு தலையாட்டுவது குறைந்து வேகம் கூடும். அதைப் பிடிக்கத்தான் லம்போலி சோதனை. படகைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டி, ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்போம். பிறகு தொங்கும் புள்ளியை மாற்றி மறுபடியும். காற்றடித்தால் கணக்குக் கெட்டுவிடும் என்பதால் கதவுகளைச் சாத்திவிடுவோம். படகின் சொந்தக்காரர் மூச்சுவிடாமல் பக்கத்தில் நிற்பார்.

லேசர் என்ற படகு வந்தால் அளவுநாடா பெரும்பாலும் பெட்டியிலேயே கிடக்கும். புரூஸ் கிர்பி வடிவமைத்து 1971இல் சந்தைக்கு வந்து, 1996இல் ஒலிம்பிக்கிலும் நுழைந்த படகு. கட்டும் முறை முழுவதும் ஒரு கையேட்டில் இருக்கும். அனுமதி பெற்ற தயாரிப்பாளர்கள் மட்டுமே அதன்படி கட்டலாம். படகின் எண், பாயின் முத்திரை, யாராவது எதையாவது செதுக்கியிருக்கிறார்களா என்று பார்த்தால் என் வேலை முடிந்தது. காசு கொட்டி வேகமான படகு கட்டிக்கொள்ள வழி கிடையாது. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு.

பாய் விஷயத்தில் மட்டும் அந்த மரியாதை ஆட்டம் காணும். லேசரின் பழைய பாய்த்துணி சீக்கிரம் தளர்ந்துவிடும். புதுப் பாயைத் தொட்டால் சலசலக்கும். நன்றாக ஓடிய பாய் சத்தமில்லாமல் மடங்கும். முத்திரை இரண்டிலும் ஒன்றுதான், இரண்டையும் நான் பாஸ் பண்ணியாக வேண்டும். வெளியே விலை குறைந்த நகல் பாய்கள் கிடைத்தன, ஆனால் பந்தயத்தில் அனுமதி இல்லை. அதனால் நகலை வைத்துப் பயிற்சி, அசலை எடுத்து வைத்துப் பந்தயம் என்று பலர் ஓட்டினார்கள். வசதி உள்ளவர் முக்கியமான போட்டிக்கெல்லாம் புதுப் பாயோடு வருவார். முன்வாசலில் தடுத்த பணம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று எல்லாவற்றையும் திறந்துவிடலாமா? 2017இல் போர்ட்டோ செர்வோவில் நடந்த ஜே 70 என்ற வகைப் படகுகளின் உலகப் போட்டியில், கீலை (படகின் அடியில் நீருக்குள் நிற்கும் கனமான தகட்டை) மாற்றியிருந்த சில படகுகளை விலக்க வேண்டியதாயிற்று. அத்தனைக்கும் அந்தப் படகு உரிமம் பெற்ற தொழிற்சாலைகளில் வார்க்கப்படுவது. தொழிற்சாலையிலிருந்து ஒரே மாதிரி வெளிவந்த படகு, சொந்தக்காரர் கையில் அப்படியே இருக்கும் என்று நம்பியிருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு வேலையே இருந்திருக்காது.

2019இல் லேசரில் வெடித்த சண்டையும் இந்த இடத்தில்தான். ஒரு பெரிய தயாரிப்பாளர் தொழிற்சாலைச் சோதனைக்கு இடம் தரவில்லை என்று அந்த வகைப் படகுக்கான கிளாஸ் சங்கம் ஒப்பந்தத்தை முறித்தது. 'லேசர்' என்ற வணிகப் பெயரோ சங்கத்தின் கையில் இல்லை. அப்புறம் அதே படகு, சங்கத்தின் சுருக்கப் பெயரான ஐஎல்சிஏ ஆனது, புதுத் தயாரிப்பாளர்கள் வந்தார்கள். ஓட்டுபவர்களில் பலர் பெயர் மாறியதற்காக வருந்தினார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. முத்திரையை நம்பித்தான் நான் படகை அளக்காமல் விடுகிறேன். அந்த முத்திரை விழும் இடத்துக்குள் வெளியாள் யாரும் போக முடியாது என்றால், நான் கையெழுத்துப் போடுவது எதன் பேரில்?

என்னைக் கேட்டால், படகின் உடலை அச்சில் கட்டுப்படுத்தட்டும். பல பேர் வார்க்கட்டும், ஆனால் விதிப் புத்தகமும் சோதனை உரிமையும் சங்கத்திடம் இருக்கட்டும். பாயை மட்டும் அளவு சொல்லித் திறந்துவிடலாம். பாயை மேஜையில் விரித்து அளப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, முதுகுதான் கொஞ்சம் வலிக்கும்.