சகமாணவர் துன்புறுத்தல்: எங்கள் புகார் கடந்து வந்த படிகள்

ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகனை, பள்ளிப் பேருந்திலும் உணவு இடைவேளையிலும் மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் பல மாதங்களாகத் துன்புறுத்தி வந்தது எங்களுக்குத் தெரியவந்தது. சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்கும் ஒரு தனியார் பள்ளியில் இது நடந்தது. அதன்பின் நாங்கள் அளித்த புகார் எந்தெந்தப் படிகளைக் கடந்தது, எந்த விதிகள் கைகொடுத்தன என்பதை இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் அடையாளமும் இதில் இடம்பெறாது. துன்புறுத்திய மாணவர்களும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களே.

புகார் எழுதுவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எந்தக் குழந்தையையும் உடல்ரீதியாகத் தண்டிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. ஆனால் அதை மீறுவோர் மீது பணிவிதிகளின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அடுத்த வரியே சொல்வதால், அது ஆசிரியர்களையும் பள்ளிப் பணியாளர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பது தெளிவாகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவும், குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் இழைக்கும் கொடுமையைப் பற்றியது. கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகள் உள்ளன. பள்ளியில் ஒரு மாணவன் இன்னொரு மாணவனைத் துன்புறுத்துவதைத் தடுக்க மட்டும் நாடு முழுவதற்குமான தனிச்சட்டம் இல்லை. இருப்பவை சுற்றறிக்கைகளும் வழிகாட்டுதல்களும்தான். ஒவ்வொரு நாளும் அச்சத்தோடு பேருந்தில் ஏறும் குழந்தைகளின் எண்ணிக்கையை நினைக்கும்போது இது பெரிய குறையாகவே எனக்குப் படுகிறது.

எனினும் அந்தச் சுற்றறிக்கைகளைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சிபிஎஸ்இ 2015இல் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, துன்புறுத்தலைத் தடுக்க ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு குழு இருக்க வேண்டும் என்றும், அதில் மூத்த ஆசிரியர், மனநல ஆலோசகர், பெற்றோர் பிரதிநிதி போன்றோர் இடம்பெற வேண்டும் என்றும் கூறுகிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021இல் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், மாணவரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதை வரையறுத்து, அந்தப் பொறுப்பைத் தனியார் பள்ளியின் முதல்வர்மீதும் நிர்வாகத்தின்மீதும் வைக்கின்றன. அவை மாநிலங்கள் தம் தேவைக்கேற்ப மாற்றி ஏற்றுக்கொள்ளத்தக்க வழிகாட்டுதல்கள்தாம் என்றாலும், அவற்றை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் மாநிலங்களை அறிவுறுத்தியது. எங்கள் கடிதத்தில் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டோம்.

அந்தக் கடிதத்தை எழுதுவதற்குத்தான் மிகுந்த நேரம் தேவைப்பட்டது. நடந்த ஒவ்வொன்றையும் தேதி, இடம், என்ன செய்யப்பட்டது, அப்போது அருகில் பெரியவர் யாரேனும் இருந்தாரா என்ற வரிசையில் எழுதினோம். கிழிக்கப்பட்ட பாடப்புத்தகத்தின் படங்களையும், தோளில் ஏற்பட்ட காயத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகலையும் இணைத்தோம். நேரில் பார்த்த பிள்ளைகளின் பெயர்களைக் கடிதத்தில் எழுதவில்லை. குழு கூடும்போது அதன் உறுப்பினர்களிடம் மட்டும் தெரிவிப்போம் என்று குறிப்பிட்டோம். கடிதம் பலர் கைக்குப் போகும். சாட்சி சொன்ன பிள்ளைக்கு அதனால் தீங்கு வந்துவிடக் கூடாது. யாரையும் தண்டிக்குமாறு அதில் கோரவில்லை. குழுவைக் கூட்டி விசாரிக்க வேண்டும், விசாரணை முடியும்வரை பேருந்திலும் உணவு நேரத்திலும் பாதுகாப்பு வேண்டும், முடிவை எழுத்தில் தர வேண்டும் என்பவையே எங்கள் கோரிக்கைகள். நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் பெற்ற பிறகே அலுவலகத்தை விட்டு வந்தோம். அந்த முத்திரை இல்லையென்றால், எங்களுக்குக் கடிதமே வரவில்லை என்ற பதிலுக்கு வழி திறந்துவிடும்.

முதலில் கிடைத்தது வாய்மொழிப் பதில்தான். “பசங்க விளையாட்டுல நடக்கறதுதான் மேடம், கூப்பிட்டுப் பேசிக் கைகுலுக்க வச்சிடறோம்” என்றார்கள். இதற்கு நாங்கள் உடன்படவில்லை. சம பலமுள்ள இருவருக்கிடையே வரும் சண்டையைச் சமாதானம் பேசித் தீர்க்கலாம். ஒருவன் பயந்தும் இன்னொருவன் அந்தப் பயத்தைப் பயன்படுத்தியும் வாழும் நிலையில், இருவரையும் ஒரே அறையில் நிறுத்தினால் பயந்தவன் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் சொல்வான், அதுவே விசாரணையின் முடிவாகவும் எழுதப்பட்டுவிடும். எங்கள் மறுப்பையும் அதற்கான காரணத்தையும் அன்றே மின்னஞ்சலில் அனுப்பினோம். அதன் பிறகு வாய்மொழியாகச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் அவ்வாறே எழுத்தாக்கி அனுப்பி வந்தோம்.

உரிய காலத்தில் பதில் வராததால், புகாரின் நகலைச் சிபிஎஸ்இ மண்டல அலுவலகத்துக்கும் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்பினோம். கூடவே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைத்தோம். அந்த எண்ணை அழைத்தால் உடனே காவல் நிலையம், வழக்கு என்று போய்விடும் என்ற அச்சம் பல பெற்றோருக்கு உண்டு. எங்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஓர் ஆலோசகர் பேசினார். முதலில் குழந்தையின் நிலையைக் கேட்டார், அதன் பிறகே பள்ளியைப் பற்றிக் கேட்டார். தன்னைப் பற்றிப் பேச இத்தனை பேர் கூடுகிறார்களே என்று சுருங்கிப்போயிருந்த என் மகன் வாய்விட்டுப் பேசியது அவரிடம்தான். இந்தப் பாதை முழுவதிலும் மிகவும் பயன்பட்ட ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்த அழைப்பையே சொல்வேன். மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மனு எழுதி வைத்திருந்தோம். விசாரணையின்போது சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அதற்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அதற்குள் பள்ளி குழுவைக் கூட்டியதால் அந்த மனுவை அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

குழு கூடிய நாளில், என் மகனின் கூற்றைப் பள்ளியின் மனநல ஆலோசகர் தனி அறையில் பதிவு செய்தார். அவன் பார்வையில் படும்படி நான் வெளியே அமர்ந்திருந்தேன். மற்ற மாணவர்களை அவரவர் பெற்றோர் முன்னிலையில் தனித்தனியாக விசாரித்தார்கள். பேருந்து உதவியாளர் எப்போதும் முன்படியருகே அமர்வதும், கடைசி இரண்டு வரிசைகள் மேல்வகுப்பு மாணவர்களுக்கென்றே ஆகிவிட்டிருந்ததும், உணவுக்கூடத்தின் பின்புறத்தில் கண்காணிப்பு இல்லாததும் விசாரணையில் வெளிப்பட்டன. இருக்கைகள் வகுப்புவாரியாக மாற்றப்பட்டன, உதவியாளரின் இடம் பின்புறத்துக்கு மாற்றப்பட்டது, உணவு நேரத்துக்கு ஆசிரியர் முறைப்பணி வந்தது. அந்த மாணவர்களுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கையும் தொடர் ஆலோசனையும் தரப்பட்டன. பள்ளியிலிருந்து நீக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அதை நாங்கள் விரும்பவில்லை என்று சொன்னோம். சுற்றறிக்கையும் அதை மிக அரிதான கடைசி நடவடிக்கையாகவே வைக்கிறது. நீக்கப்பட்ட மாணவன் வேறொரு பள்ளியில் வேறொரு குழந்தையின் பக்கத்தில்தான் உட்காரப் போகிறான்.

இத்தோடு முடிந்துவிடவில்லை. சில வாரங்கள் கழித்து, மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் மகனைக் காட்டிக்கொடுத்தவன் என்று எழுதத் தொடங்கினார்கள். பள்ளிக்கு வெளியே நடப்பது தங்கள் பொறுப்பல்ல என்று நிர்வாகம் முதலில் சொன்னது. ஆனால் அது குழு விசாரித்த நிகழ்வின் தொடர்ச்சியும், புகார் கொடுத்ததற்கான பழிவாங்கலும் ஆகும். ஆகவே திரைப்பதிவுகளைத் தேதியுடன் சேர்த்து, புதிய புகாராக அல்லாமல் பழைய கோப்பின் தொடர்ச்சியாகவே அனுப்பினோம். குழு மீண்டும் கூடி அந்தப் பெற்றோர்களை அழைத்துப் பேசியபின் அது நின்றது. புகார் கொடுத்த குழந்தையைப் பழிவாங்கலிலிருந்து காப்பது குறித்து வழிகாட்டுதல்கள் இன்னும் விரிவாகப் பேச வேண்டும் என்பதே என் கருத்து.

இறுதியில் பள்ளி தந்த கடிதத்தில், எடுக்கப்பட்ட நடவடிக்கைகளோடு, ஒவ்வொரு பருவ முடிவிலும் குழு இதை மறுபரிசீலனை செய்யும் என்ற வரியையும் கேட்டுச் சேர்க்க வைத்தோம். குழு உறுப்பினர்களின் பெயர்களும் அவர்களை அணுகும் முறையும் இப்போது அறிவிப்புப் பலகையிலும் பேருந்துகளிலும் ஒட்டப்பட்டுள்ளன. அடுத்த மறுபரிசீலனைக் கூட்டம் இந்தப் பருவத் தேர்வுகளுக்குப் பிறகு நடக்கவிருக்கிறது. அதற்கான நினைவூட்டலை நாங்கள் அனுப்பிவிட்டோம்.